இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்ட கோடுகள்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தச்சுப் பட்டறையிலிருந்து உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நீங்களும் அக்காவும் நலமென்றே நம்புகிறேன். நான்தான் வெட்கத்தில் தலைநிமிர முடியாமல் கிடக்கிறேன்.

போன வாரம் மகள் கணக்கு நோட்டோடு பட்டறைக்கு வந்தாள். இரண்டு சமன்பாடுகளுக்கு கிராஃப் தாளில் கோடு போட வேண்டுமாம், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் விடையாம். "கோடுதானே? உங்கப்பன் இருபது வருஷமா அதைத்தான் போடுறான், கொடு இங்க" என்று என் மர ஸ்கேலை எடுத்தேன். புள்ளிகளை அவள் வைத்தாள். முதல் கோடு போட்டேன். அடுத்ததற்குக் கை வாகாக இல்லையென்று ஸ்கேலைப் புரட்டிவைத்துப் போட்டேன். தாளின் இந்த ஓரத்தில் ஒருமுறை, அந்த ஓரத்தில் ஒருமுறை வெட்டிக்கொண்டன. "ரெண்டு விடை! ரெண்டையும் எழுது" என்றேன். "அப்படி வராதுப்பா" என்றாள். "கோடு போட்டவன் நானா, நீயா?" என்று அதட்டி எழுதவைத்தேன்.

கணக்கு டீச்சர் பூஜ்யம் போட்டுவிட்டார். விட்டேனா? ஸ்கேலும் கையுமாகப் பள்ளிக்கூடத்துக்கே போய், வகுப்பு மொத்தமும் பார்க்க நியாயம் கேட்டேன். அந்த அம்மா கோபப்படவே இல்லை. "ஐயா, நேர்கோடுங்க ஒரு இடத்துல வெட்டும், இல்ல வெட்டவே வெட்டாது, இல்லன்னா ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கும். இதுல ரெண்டாவது சமன்பாடு முதல் சமன்பாட்டோட ரெட்டிப்பு. ரெண்டும் ஒரே கோடுங்க. நடுவுல இந்தச் சந்து எப்படி வந்துச்சு?" என்றார். அத்தான், ஸ்கேல் நேராக இருக்கிறதா என்று தச்சன் எப்படிப் பார்ப்பான்? ஒரு கோடு போட்டு, ஸ்கேலைப் புரட்டி அதே இடத்தில் இன்னொன்று போடுவான். நடுவில் சந்து தெரிந்தால் ஸ்கேல் வளைந்திருக்கிறது. அந்தச் சோதனையை மகள் நோட்டிலேயே செய்துவிட்டு, விடை இரண்டு என்று எழுதவைத்திருக்கிறேன்! பிள்ளைகள் சிரித்தார்கள். மகள் மேசைக்கடியில் குனிந்து, விழாத பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதே ஸ்கேலை வைத்துத்தான் உங்கள் வீட்டு வாசற்கதவைச் செய்தேன். அது சரியாகச் சாத்த வராதபோது, நீங்கள் கட்டிய சுவர் கோணல் என்று உறவுக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும் சொன்னேன். முப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்த மனுஷன் நீங்கள். அன்றோடு எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டீர்கள். "மாமாகிட்ட மன்னிப்புக் கேக்கற வரைக்கும் என்கிட்ட பேசாதீங்கப்பா" என்று மகள் சொல்லி நான்கு நாள் ஆகிறது. உங்கள் சுவர் நேர்தான், அத்தான். என் ஸ்கேல்தான் கோணல். மன்னித்து, ஒருமுறை வீட்டுக்கு வந்துபோங்கள்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நீங்கள் இருவரும் நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டும்.

தலைகுனிந்த மைத்துனன்

பி.கு.: புது வீட்டுக்குப் பதினோரு கதவு கேட்கும் ஒருவர், என் வேலையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறார். அவரிடம் மட்டும், சுவர்தான் கோணல் என்று சொல்லிவிடுங்கள். மகளுக்குத் தெரிய வேண்டாம்.