வயிற்றுக்கும் கழிவு

அன்று காலை தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடியிருந்தோர் விபரம்: அறுபத்தைந்து வயது நிரம்பிய ஆண்கள் இருபத்திரண்டு பேர், ஹட்டனிலிருந்து வந்த டொக்டர் ஜெயமலர், தோட்டத்து நலன்புரி அதிகாரி தனுஷன், கணக்கப்பிள்ளை துரைராசா, வேன் டிரைவர். ஆக மொத்தம் இருபத்தாறு பேர். நாய் ஒன்றும் இருந்தது. அதன் வயதுக்கு அத்தாட்சி இல்லாததால் சேர்க்கப்படவில்லை.

கூடியதன் நோக்கம் பின்வருமாறு. வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி ஒரு பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. வயதான ஆண்களில் சிலருக்கு அது சத்தமில்லாமல் வீங்கும். வலிக்காது. திடீரென்று ஒருநாள் வெடிக்கும். வெடித்தபின் டொக்டரைத் தேடுவது வீண் அலைச்சல். முன்கூட்டியே ஸ்கேன் மெஷினால் அளந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். குழாயின் அகலம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் சுகம். மூன்றோ அதற்கு மேலோ என்றால் மறுநாள் வேன் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இது செல்லசாமிக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய அண்ணன் பொகவந்தலாவை பஸ்ஸில், "வயித்த என்னமோ பண்ணுது" என்றார். அடுத்த தரிப்பில் இறக்கியபோது மூச்சில்லை. அன்று முதல் செல்லசாமி தன் வயிற்றை இரவல் வாங்கிய கண்ணாடிச் சாமான் போலச் சுமந்து நடந்தார்.

அளக்கிற வேலை எதுவானாலும் மடுவத்தில்தான் நடக்க வேண்டும், எழுதுகிறவர் கணக்கப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது தோட்டத்து முறை. ஆகவே துரைராசா கொழுந்துப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். தலைக்கு மேலே தனுஷன் ஒரு பெனர் கட்டியிருந்தார்: "வீக்கமில்லாத முதல் தோட்டம்."

"அளக்க முதலே அடிச்சிட்டீங்களே?" என்றார் டொக்டர்.

"பிந்தினா அச்சகத்துல கூட்டமாயிரும் டொக்டர்."

ஒவ்வொருவராக வாங்குப் பலகையில் படுத்தார்கள். டொக்டர் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அழுத்தி, அளவை உரக்கச் சொன்னார். துரைராசா தலை நிமிராமல் எழுதினார்.

செல்லசாமியின் முறை வந்தது. "மூன்று தசம் நாலு" என்றார் டொக்டர். செல்லசாமி எழுந்து, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, போகிற போக்கில் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். 2.9 என்றிருந்தது.

அவர் கூச்சக்காரர். இரண்டு தரம் கனைத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"ஐயா, டொக்டரம்மா மூணு புள்ளி நாலுன்னாங்க."

"காது கேட்டுச்சு."

"நீங்க ரெண்டு புள்ளி ஒம்பது போட்டிருக்கீங்க."

"கழிவு போக."

"வயித்துக்குமா கழிவு?"

"வயிறு ஈரமா இருக்கா, இல்லையா? ஈரத்துக்குப் புள்ளி மூணு. சாரத்தோட படுத்தீங்க, சாக்குக்குப் புள்ளி ரெண்டு. ஆக, அரை. ஈரத்த அப்புடியே எழுதுனா நாளைக்கு தோட்டத்து தொரை என்னையத்தான் கேப்பாரு. கொழுந்து நிறுவையில ஈரத்துக்கும் சாக்குக்கும் வெட்டுறோமே, கொழுந்துக்கு ஒரு நியாயம், கொழாய்க்கு ஒரு நியாயமா?"

"எங்க அண்ணன் இப்புடித்தான் போனாருங்க. என் அரையத் திருப்பிக் குடுத்துருங்க."

"அடுத்த ஆளு!"

இருபத்திரண்டும் முடிந்ததும் துரைராசா எழுந்து நின்று வாசித்தார்: "மேற்படி ஆண்கள் அனைவரும் மூன்றுக்குக் கீழ்ப்பட்ட, திருப்திகரமான தேகநிலையில் காணப்படுகின்றனர்." எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பெனருக்குக் கீழே நின்றார்கள். தனுஷன் படமெடுக்கப் போனைத் தூக்கினார்.

செல்லசாமி வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"டொக்டரம்மா, என்னோட அரை சென்டிமீட்டர் இவருகிட்ட இருக்குங்க."

டொக்டர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "கழிச்ச இந்த அரை எங்க போனது?"

துரைராசா நேர்மையாக யோசித்தார். "நூத்தம்பது வருசமா கழிக்கிறோம் டொக்டர். கேட்டவங்க நெறைய பேரு. பதில் சொன்னவங்க இல்ல."

"எல்லாத்தையும் திருப்பிச் சேருங்கோ."

சேர்த்ததும் நான்கு பேர் மூன்றைத் தாண்டினார்கள். ஒருவர் செல்லசாமி. இன்னொருவர் சின்னராசா. இவர் முப்பத்தொரு வருடம் தொழிற்சங்கத் தலைவராக இருந்து, கொழுந்தில் கழிவு வெட்டுவதை ஒழிக்க ஏழு வேலைநிறுத்தம் நடத்தியவர். கழிவுக்குமுன் அவருடைய அளவு மூன்று தசம் இரண்டு. கழிவு போக இரண்டு தசம் ஏழு.

"இத ஏத்துக்க ஏலாது!" என்று அவர் கையை உயர்த்தினார். "காலங்காலமா இருக்கிற முறைய ஒரு நாள்ல தூக்க முடியுமா? கழிவு எங்க உரிமை!"

கைதட்டல் தகரக் கூரையை அதிர வைத்தது.

"கழிச்சா வீக்கம் வத்துமோ ஐயா?" என்றார் டொக்டர்.

"புத்தகத்துல வத்துதுல்ல? புத்தகத்துல இல்லாத கிலோவுக்கு எங்களுக்கு யாராச்சும் சம்பளம் குடுத்தாங்களா? அப்ப புத்தகத்துல இல்லாத வீக்கத்துக்கு நாங்க எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும்?"

டொக்டர் மெஷினைப் பெட்டியில் வைத்து மூடினார். "நாலு பேருக்கும் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிட்டன். அங்க வருசத்துக்கு ஒருக்கா அளந்து, பீடியை விட்டால் போதும், பயப்பிடாதேங்கோ. நாளைக்கு வேன் வரும். ஏறுறது உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் தனுஷன் தோட்டத்துத் துரைக்கு மகஜர் எழுதினார்: "கழிவு முறையானது தொழிலாளரின் தேகசுகத்துக்கு இன்றியமையாதது எனக் கண்டறிந்து, அதனை மென்மேலும் விஸ்தரித்து எக்காலமும் தொடருமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்." இருபத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள். முதல் கையெழுத்து சின்னராசாவுடையது. செல்லசாமி மட்டும் போடவில்லை. ஆட்கள் தன் கழிவுக்குக் கைதட்டியதை வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்ட துரைராசா, கண்ணைத் துடைத்துக்கொண்டு மகஜரைத் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

பின்னேரம் கொழுந்து நிறுக்கப் பெண்கள் வந்தார்கள். சின்னராசாவின் மனைவி மீனம்மாவின் சாக்கு இருபத்துமூன்று கிலோ. துரைராசா இருபது என்று எழுதினார்.

"மூணா? நேத்து வரைக்கும் ரெண்டுதானேங்க?"

"நான் என்னம்மா செய்ய? ஒங்க வீட்டுக்காரரு கேட்டு வாங்கியிருக்காரு. படிச்சுப் பாருங்க."

மீனம்மா படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். ஆனால் முழுதும் படித்தார். கூடையைக்கூட எடுக்காமல் லயத்து வீட்டுக்கு நடந்தார். அதன்பின் அந்த லயத்தின் பத்துக் காம்பரா வீடுகளுக்கும் ஒரு வரி தெளிவாகக் கேட்டது: "என் சாக்க வெட்டித்தான் ஒன் வயிறு வத்தணுமா?"

மறுநாள் காலை வேன் வந்தது. துண்டுக்காரர்களுக்கென நான்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். செல்லசாமி முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சின்னராசா வந்தார். அவருக்கு இரண்டடி பின்னால் மீனம்மா வந்தார்.

"சங்கத் தீர்மானமா அண்ணே?" என்றார் செல்லசாமி.

"பேசாம தள்ளி ஒக்காரு."

டிரைவர் கால் மணி நேரம் ஹோர்ன் அடித்துப் பார்த்தார். மற்ற இருவரின் மனைவிமார் வேலையை விட்டு நின்று வருடக்கணக்காகிறது. அவர்கள் கொழுந்து நிறுப்பதில்லை. ஆகவே அந்தக் கணவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வர யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

வேன் கிளம்பியது. காலியாக இருந்த இடம் இரண்டு.