அன், இன், டிஸ்

"அப்ப இன்சோல்னா சோல் இல்லாததாக்கா?" என்று தில்ஷாத் கேட்டதும் சௌந்தர்யாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி. அதில் மூன்றாவது லைனுக்கு சௌந்தர்யா சூப்பர்வைசராக வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பழுதான ஷூவைத் தனியே பிரித்து, என்ன பழுதென்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் லைன் பெண்களின் வேலை. ஸ்டிக்கரில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். வியாழக்கிழமை சென்னையிலிருந்து, ஷூ வாங்கும் பையர் கம்பெனி அம்மாள் வந்து, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்கப் போகிறாள்.

மேனேஜர் இஷ்தியாக் அகமது லைன் முன்னாலேயே சொல்லிவிட்டார். "பாரும்மா, இவங்க கரெக்டா சொல்ட்டா நீ ஃப்ளோர் இன்சார்ஜ். இந்த லைனை நாலாவது லைன் குமரன் சேர்த்துப் பார்த்துக்குவான்."

அதைக் கேட்டதிலிருந்து சௌந்தர்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமையே பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"முன்னாடி அன், இன், டிஸ் எது வந்தாலும் 'இல்லை'ன்னு அர்த்தம். அவ்ளோதான் இங்கிலீஷ்!"

அதற்குத்தான் தில்ஷாத், ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் இன்சோலைத் தூக்கிக் காட்டினாள்.

"அது வேற 'இன்'னும்மா."

"எத்தினி 'இன்'னுக்கா கீது?"

லைனிலேயே மூத்தவளான ரங்கம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நீ ஆகப்போற இன்சார்ஜு? அதுல சார்ஜே இல்லியாம்மா?" என்று கவலையாகக் கேட்டாள்.

சௌந்தர்யா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேறு வழி பிடித்தாள். தெரிந்த ஆளை வைத்துச் சொன்னால் மறக்காதல்லவா?

"அன்பேர்டுன்னா ஜோடி இல்லாதது. பேக்கிங் நந்தகோபால் முப்பத்தாறு வயசுலயும் ஒண்டிக்கட்டையா இருக்காரில்ல? அந்த மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். சௌந்தர்யாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"டிஸ்கலர்டுன்னா சாயம் வெளுத்தது. நம்ம மேனேஜர் தலை. இன்ஃப்ளெக்ஸிபிள்னா வளையாதது. அந்தக் குமரன்கிட்ட ஒரு நாள் லீவு கேட்டா வளைஞ்சு கொடுப்பானா?"

"பாத்ரூம் போகவே விடமாட்டான்க்கா," என்றாள் தில்ஷாத். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை காலையில் நந்தகோபால் ஒற்றை ஷூவோடு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"இன்னா மேடம் இது? உங்க லைன்லேர்ந்து 'இன்னிக்கி ஏழு நந்தகோபால் வருது'ன்னு சொல்லி அனுப்பறாங்க! எனக்குப் பொண்ணு பார்க்கற நேரம் மேடம்."

அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு லைனுக்கு ஓடினாள். "ஆள் பேரை வாயில எடுத்தீங்கன்னா பாருங்க!"

அன்று மாலை வரை ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எந்த ஸ்டிக்கரைக் காட்டினாலும் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

"பேரைத்தானே சொல்ல வேணாம்னேன்? அர்த்தத்தைச் சொல்லுங்கடி!"

"பேரை எடுத்தா அர்த்தமும் கூடவே போய்டுது, இன்னா பண்றது?" என்றாள் ரங்கம்மாள்.

ஒரே பேஜார். "சரி, பேரையே ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆனா மனசுக்குள்ள!" என்று சொல்லும்போது சௌந்தர்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் ஃபரீதா பெரிய பாத்திரத்தோடு வந்தாள். லைனில் அதிகம் பேசாதவள்.

"இவ்ளோ பிரியாணி யாருக்கு?"

"சும்மாதான்க்கா."

பதினோரு மணிக்குப் பையர் அம்மாள் வந்தாள். மேனேஜர் பக்கத்தில் கையைக் கட்டி நின்றார். அம்மாள் ஒரு ஸ்டிக்கரை எடுத்து, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று ரங்கம்மாளைக் கேட்டாள்.

"நந்தகோபாலுங்க."

"இது?"

தில்ஷாத் கணீரென்று சொன்னாள். "மேனேஜர் சார் தலைங்க!"

இஷ்தியாக் அகமதுவின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த லைனுக்கு நகர்ந்தாள். மேனேஜர் சௌந்தர்யாவை ஓரமாகக் கூப்பிட்டார். "இன்சார்ஜ் பேச்சு இந்த வருஷம் வேணாம்மா. நீ இந்த லைனையே பாரு."

மத்தியானம் கேன்டீனில் சௌந்தர்யா பொரிந்து தள்ளினாள். "தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேனே! நாலு வார்த்தை! நாலே வார்த்தை மண்டையில ஏறலியா? என் பொழப்பே போச்சு!"

ஃபரீதா பிரியாணியிலிருந்து பெரிய கறித்துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தாள். கத்திரிக்காய் பச்சடியையும் நகர்த்தினாள்.

"கோச்சுக்காதீங்கக்கா. பத்து வருஷமா இதே ஸ்டிக்கர ஒட்றோம், எங்களுக்குத் தெரியாதா? கரெக்டா சொல்லிருந்தா நீங்க மேல போய்டுவீங்க, எங்க தலைமேல அந்த இன்ஃப்ளெக்ஸிபிள்தானே வந்து உக்காருவான்?"