தளும்பாத ஏரி

மேகலபுரி என்றொரு நாடு இருந்தது. அதன் மன்னருக்குக் குடிமக்கள்மேல் பாசம் அதிகம். ஆகவே தினமும் காலையில் மலைமேல் இருக்கும் மாளிகையின் உப்பரிகையில் நின்று அவர்களைப் பார்ப்பார். கீழே இறங்கி வந்து பார்க்கும் வழக்கம் அந்த வம்சத்தில் இல்லை.

ஒரு கோடையில் சாத்தனேரி வற்றிக் கிடந்தது மன்னரின் கண்ணை உறுத்தியது. பார்வைக்கு நன்றாக இல்லை என்றார். அலங்காரத் துறை அமைச்சர் இடும்பநாதர் மறுநாளே ஆணை பிறப்பித்தார். ஏரி கரைமட்டம் வரை கான்கிரீட்டால் நிரப்பப்பட்டது. மேல்பூச்சில் நீலச்சாயம் கலந்து, ஈரம் காய்வதற்குள் கொத்தனார்கள் உள்ளங்கையாலேயே அலை அலையாக இழுத்தார்கள். ஓரங்களில் கான்கிரீட் அல்லியும் பூத்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவ்வளவு அழகான ஏரி அந்த நாட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

ஏரிக்குக் கீழே நாச்சியம்மைக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. நாற்று கருகுகிறது, தண்ணீருக்கு வழி செய்யுங்கள் என்று அவள் முறையிட்டாள். ஏரி நிரம்பியிருப்பதால் நாட்டில் வறட்சி இல்லை என்று அடுத்த ஆணை வந்தது. இல்லாத வறட்சியைப் பற்றிப் பேசுவது குற்றம் என்று அதற்கடுத்த ஆணை வந்தது.

பிறகு பெருமழை பெய்தது. ஏரியில் ஒரு சொட்டுக்கும் இடமில்லை. அவ்வளவும் வழிந்தோடி நாச்சியம்மையின் வயலை மண்ணோடு வாரிக்கொண்டு போனது. அவள் அமைச்சரின் காலில் விழுந்தாள்.

"அத ஒடச்சுப் போடுங்க சாமி. அடுத்த மழையாவது தங்கட்டும்."

அமைச்சர் உண்மையாகவே வருந்தினார்.

"அம்மா, ஏரி நிரம்பி வழிந்ததை மன்னர் தம் கண்ணால் பார்த்துப் பூரித்துப் போயிருக்கிறார். நாடெங்கும் இதே போல் ஏரிகள் அமைக்க உத்தரவு. நிலமிழந்தவர்களுக்கு அதில் வேலையும் உண்டு."

பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றியாக வேண்டும். நாச்சியம்மை வேலைக்குப் போனாள். கொடுமை என்னவென்றால், அவள் இழுத்த அலைதான் மற்ற எல்லோருடையதையும்விட உயிரோடு இருந்தது.

அடுத்த ஊர் ஏரியில் அவள் குனிந்து அலை இழுத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி கரையில் வந்து நின்றாள். அவள் கையில் கருகிய நாற்று ஒரு பிடி இருந்தது.

"ஏக்கா, இதுல எப்பத் தண்ணி வரும்?"

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். நாச்சியம்மை கையை எடுக்கவில்லை. எடுத்தால் அலை பாதியில் நின்றுவிடும்.

"வந்துருச்சு தாயி," என்றாள். "மிதிச்சிராம அந்தப் பக்கமாப் போ."