முப்பது கணினிகளும் மூன்று வருட முன்பணமும்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் அக்காவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மருமகளும் சுகம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும். அதை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்துவிட்டேன். மேலே தெரிகிற மைக்கறை அதுதான். இந்த விஷயத்தைச் சொல்ல மூன்று தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன். மூன்று தடவையும் தாங்கள் "என்னப்பா விசேஷம்?" என்றீர்கள், நானும் "சும்மாதான் அத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சும்மா இல்லை அத்தான். அதனால்தான் கடிதம். கடிதத்தில் யாரும் குறுக்கே கேள்வி கேட்க முடியாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கள் மகளுக்கு இந்த மாதக் கடைசியோடு வேலை போகிறது. அவள் பிரிவில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும் போகிறது. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் முழுக்க என்னுடையது. "என் கண் முன்னால இருப்பா, கவலையை விடுங்க" என்று தங்கள் வீட்டில் உட்கார்ந்து மார்தட்டி அவளை அழைத்துவந்து, நான் நிர்வாகம் பார்க்கும் அலுவலகத்திலேயே சேர்த்துவிட்டு, அந்தப் பிரிவுக்கு என் கையாலேயே குழி வெட்டியிருக்கிறேன்.

எங்கள் தொழில் தங்களுக்குத் தெரியும். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது போலப் படம் போட்டுக் கொடுப்பது. ஜன்னல் வழியாக வெயில் விழுவது, தரையில் நாற்காலியின் நிழல், எல்லாம் கணினி கணக்குப் போட்டு வரைய வேண்டும். எங்கள் மேசைக் கணினிகளில் ஒரு படத்துக்கு ஒரு நாள் ஆகும். அதனால் எங்கோ தூரத்தில் இருக்கும் பெரிய கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்து ஓட்டுவோம். அந்த வாடகை விற்கும் ஆள் இந்த வருட ஆரம்பத்தில் நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். "மணிக்கணக்குல வாடகை கட்டினா உங்களுக்குத்தான் சார் நஷ்டம். முப்பது கணினிக்கு மூணு வருஷப் பணத்தை மொத்தமா கட்டிடுங்க, பாதி விலைதான்" என்றார். அப்போது ஒரு பெரிய கட்டடக் கம்பெனி நானூறு வீட்டுக்குப் படம் கேட்டிருந்தது. நான் முதலாளியிடம் போய், இந்த விலை இனிமேல் கிடைக்காது என்று அடித்துச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தைப் பார்த்திருக்கலாம்.

பணம் கட்டிய பதினோராம் நாள் கட்டடக் கம்பெனிக்காரர் நானூறு வீட்டையும் நிறுத்திவிட்டார். எங்களுக்கு முப்பது கணினியும் மூன்று வருடமும் மிச்சம். அத்தான், இதில் ஒரு கொடுமை இருக்கிறது. அரிசி மிஞ்சினால் அடுத்த மாதத்துக்கு ஆகும். வாடகைக் கணினியில் இன்று ஓட்டாத மணி நேரம் இன்றோடு போயிற்று, நாளைக்குச் சேராது. இதை நான் முதலாளியிடம் விளக்கியிருக்கவே கூடாது. அவர் கெட்டவர் இல்லை. கொடுத்த காசு வீணாகக்கூடாது என்பது அவருக்கு ஒரு வியாதி. டிக்கெட் வாங்கிவிட்டால் எவ்வளவு மோசமான படமானாலும் கடைசிவரை உட்கார்ந்திருப்பார், கூட வந்தவர்களையும் எழுந்திருக்க விடமாட்டார். அவர் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, "இன்னைலேர்ந்து ஒரு கணினிகூட சும்மா இருக்கக் கூடாது. தினமும் எத்தனை சதவீதம் ஓடிச்சுன்னு இதுல எழுதணும். தொண்ணூறுக்குக் கீழே வந்தா சிவப்பு மை" என்று சொல்லிவிட்டார். எழுதும் பொறுப்பு எனக்கு.

முதல் வாரம் முழுக்கச் சிவப்பு. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாம் பலகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் நான் மருமகளைக் கூப்பிட்டு, நம்மிடம் இருக்கும் சோபாப் படத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரையச் சொல்லிக் கணினிகளை ஓடவிடச் சொன்னேன். "எத்தனை பக்கம் மாமா?" என்றாள். மூவாயிரத்து அறுநூறு என்றேன். "இதை யாரு பார்க்கப் போறாங்க?" "முதலாளி பார்ப்பாரும்மா." "சோபாவையா?" "சதவீதத்தை." அவளுக்கும் அக்காவுக்கு வருகிற அதே பெருமூச்சு வந்தது, அவ்வளவுதான். சோபா முடிந்ததும் குளியலறைக் குழாயில் தெரியும் பிம்பத்தைப் பதினொரு நாள் வரைந்தோம். பிறகு ஒரு கம்பளம், அதன் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக. பிறகு முதலாளியின் சொந்த வீட்டுச் சுவருக்குக் கடையில் இருக்கிற அத்தனை நிறமும். நாலு மாதத்தில் பலகையில் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று பச்சை மையில் எழுதினேன். முதலாளி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு திறமையாக ஒரு காரியத்தைச் செய்ததில்லை அத்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏனென்றால் போன வாரம் மனசு கேட்காமல் அந்த நல்ல சட்டைக்காரரைக் கூப்பிட்டுப் பணத்தில் கொஞ்சமாவது திரும்ப வருமா என்று கேட்டேன். "திரும்பத் தர முடியாது சார். ஆனா நீங்க ஓட்டாம கிடக்கிற கணினியை வேற கம்பெனிக்கு மாத்திக் கொடுக்கலாம், மீதிக் காலத்துக்குப் பணம் வந்துடும். சும்மா கிடந்துச்சுன்னு நாலு மாச ரிப்போர்ட் காட்டணும், வேற ஒண்ணுமில்ல. வாங்கறதுக்கு ஒரு மருந்துக் கம்பெனி காத்துக்கிட்டிருக்கு" என்றார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றால், நான் கேட்கவில்லையாம்.

மருந்துக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். மருந்து உடம்பில் எப்படி வேலை செய்யும் என்று கணக்குப் போட அவர்களுக்கு அவசரமாகக் கணினி வேண்டும். என் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல காலியா எதுவுமே இல்லையே சார். எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு ஓடாது" என்றார். "அதெல்லாம் வேலையே இல்லைங்க. வெறும் சோபா" என்றேன். "சோபாவா?" என்றார். மருமகள் எழுந்துபோய்ப் படங்களை ஓட்டிக் காட்டினாள். அந்த அம்மாள் இருநூறு, முந்நூறு சோபாவைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "துணி நல்லா வந்திருக்கு" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலாளி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பணமும் வராது, வேலையும் வராது, இனி இந்தப் பிரிவை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது, மாதக் கடைசியோடு மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சாப்பிட்டிருப்பேன்.

அத்தான், தங்களிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. அவள் அங்கே வந்து சேர்ந்ததும் ஒரு வாரத்துக்கு யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம். பக்கத்து அறையை ஒழித்து வையுங்கள். காலையில் எட்டு மணி வரை தூங்கினால் எழுப்ப வேண்டாம். "அடுத்து என்ன உத்தேசம்?" என்று சொந்தக்காரர்கள் யாரும் வாயெடுக்காமல் தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருவில் கேட்டால் விடுமுறையில் வந்திருப்பதாகச் சொல்லிவிடுங்கள். முகத்தைப் பார்த்து அக்கா அழாமல் இருந்தால் போதும். சாப்பாட்டை மட்டும் வேளாவேளைக்குக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள், தானாக வந்து கேட்கும் சுபாவம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் இருவர் ஆசீர்வாதத்துக்கு இன்னும் எனக்குத் தகுதி இருந்தால் அதை வேண்டும்,

தங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டப் பசை தேடப் போன நேரத்தில் மருமகள் எடுத்துப் படித்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தேன். "மாமா, முன்பணம் கட்டினது எந்த ஊர்ல இருக்கிற கணினிக்கு?" என்று கேட்டாள். வாடகைக்கு விடும் கம்பெனிக்குக் கிழக்கே ஒரு கணினி மையம், மேற்கே ஒரு மையம். விலை கொஞ்சம் குறைச்சல் என்று நான் கிழக்கில் வாங்கியிருக்கிறேன். ஓட்டத் தொடங்கிய நாளில் பட்டியலில் முதலாவதாக இருந்ததை அழுத்திக் கொடுத்திருக்கிறேன், அது மேற்கு. ஒரு பஸ்ஸில் மொத்தமாக இடம் பிடித்துவிட்டு நாலு மாதமாக வேறு பஸ்ஸில் போயிருக்கிறோம். கிழக்கே இருக்கும் முப்பதும் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. சரியான ரிப்போர்ட்டை எடுத்து அந்த மருந்துக் கம்பெனி அம்மாளுக்கு அவளே அனுப்பினாள். மறுநாளே முப்பதையும் எடுத்துக்கொண்டார்கள். பணத்தில் பெரும்பகுதி வந்துவிடும், பிரிவை மூடவில்லை. இதைக் கண்டுபிடித்த பெண் யார் என்று விசாரித்து, ஒன்றரை மடங்கு சம்பளத்தில் தங்கள் மகளை அந்த அம்மாளே வேலைக்கு அழைத்துக்கொண்டார். திங்கட்கிழமை சேருகிறாள்.

அப்படியானால் மேற்கே நாலு மாதம் ஓடியதற்கு யார் வாடகை கட்டினார்கள் என்று முதலாளி கேட்டார். மாதாமாதம் அந்த வாடகைக் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. முன்பணம் கட்டியவர்களுக்கு நன்றிக் கடிதமாக இருக்கும் என்று நான் திறக்கவில்லை. நாலையும் அவர் முன்னாலேயே திறந்தேன். அவர் முதல் இரண்டை நின்றுகொண்டு படித்தார், அடுத்த இரண்டை உட்கார்ந்துகொண்டு படித்தார். ஆகவே, மேலே தங்கள் மகள் என்றும் மருமகள் என்றும் வேலை போவதாக எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் அடியேனைப் போட்டு வாசித்துக்கொள்ளவும். மற்ற ஏற்பாடுகளில் ஒரு மாற்றமும் இல்லை.