பொம்மை பிட்டரின் ஜப்பான் குடும்பம்

மூணாறு மலையில் காட்டு யானைக்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். காலில் அட்டை கடித்துக்கொண்டிருக்கும்போதே சாவகாசமாகச் சீட்டு விளையாடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜப்பானிலிருந்து கொச்சிக்குக் கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்டதும் காய்ச்சல் கண்டு, கப்பல் வந்து சேர்ந்ததும் குணமாகிவிடுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் எனக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்.

அவர் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர். நான் எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தா. ஒரே தகரக் கூரையின் கீழ் நடுவில் சுவர் வைத்துப் பிரித்த குவார்ட்டர்ஸில் ஆளுக்கொரு பாதி. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் அவர் பொம்மை பிட்டர்தான். ஆறடி உயரம். அருவாள் மாதிரி மீசை. இலை அரைக்கும் ரோலர் மெஷினைக் கழற்றிப் போட்டால் அதன் பாகங்களைத் தனி ஆளாகத் தூக்கி வைக்கிற தோள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அந்த உருவம் லைஃப்பாய் சோப்பால் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கை அளவுள்ள ஒரு ரோபோ பொம்மையை மடக்க ஆரம்பிக்கும்.

சாதாரண பொம்மை இல்லை. காலை மடித்து, தலையை உள்ளே தள்ளி, முதுகைத் திருப்பினால் காராகிவிடும். இன்னொன்று விமானமாகும். பிட்டருடைய அத்தான், கொச்சியில் இருந்த அக்காவின் கணவர், சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். கூட வேலை செய்கிற ஒருவரின் மகனுக்காக ஜப்பானில் வாங்கிய பொம்மை வழியில் மடங்கி மாட்டிக்கொள்ள, மச்சினன் பிட்டர்தானே என்று இவரிடம் கொடுத்தார். இவர் அதை ஒரே நாளில் சரிசெய்தார். திருப்பிக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கோளாறு இருக்கிறது என்றே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் அதற்குள் வளர்ந்து கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு கப்பல்காரர்களிடம் ஊரே டிரான்சிஸ்டரும் கைக்கடிகாரமும் நைலான் சேலையும் கேட்க, இவர் ரோபோ கேட்டார். பெயர் தெரியாததால் காகிதத்தில் படம் வரைந்து அனுப்புவார். பிட்டர் வரைகிற படத்தில் எல்லாமே கொஞ்சம் பாய்லர் மாதிரி இருக்கும். ஒருதடவை அந்தப் படத்தைப் பார்த்த ஜப்பான் கடைக்காரர் மரியாதையாகக் குனிந்து வணங்கி, மின்சாரத்தில் சோறு பொங்குகிற பாத்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருகிற மின்சாரத்துக்கு ஒரு பல்பை எரிய வைப்பதே பெரும்பாடு. பிட்டர் கலங்கவில்லை. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் கேட்லாக்குகளை வைக்க நல்ல மூடியுள்ள பாத்திரம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டார்.

கேட்லாக் என்றால் பொம்மைக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்காகப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற வண்ணத்தாள். சில சமயம் சின்னப் புத்தகமாகவும் இருக்கும். அதில் ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது. படத்தைப் பார்த்தே யார் யாருக்கு அண்ணன், யார் யாரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தார். கழுகு மூக்கோடு ஒன்று இருக்கும். அதை ஒருநாள் நான் வில்லன் என்று சொல்லிவிட்டேன்.

“மூஞ்சியப் பாத்து ஆளை எடை போடாதேயும் வே. குடும்பத்துக்காக உழைக்கிறவன் அவன்” என்றார் பிட்டர். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒரு ஆடி மாதம், அபூர்வமாக வெயில் அடித்தது. எல்லா வீட்டிலும் கம்பளியைக் காயப்போட்டார்கள். பிட்டர் கொடியில் கேட்லாக்குகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். பிற்பகலில் ஒரு காற்று. மொத்தமும் தேயிலைச் சரிவில் பறந்துபோனது. அவர் தொழிற்சாலையில் ஓடும் மெஷினை அப்படியே விட்டுவிட்டுத் தேயிலைக் காட்டுக்குள் பாய்ந்தார். கொழுந்து எடுக்கிற பெண்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பொறுக்கி முதுகுக்கூடையில் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு இலையோடு ரோபோவும் எடை போடப்பட்டது. தராசுப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கூடையாகத் துழாவிய பிட்டரைப் பார்த்து, தொலைந்தது தாலிக்கொடியாக்கும் என்று நினைத்து ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

தாலிக்கொடிக்கு அதன் பிறகுதான் பேச்சு வந்தது. பிட்டரின் அக்கா கொச்சியிலிருந்தபடியே போடியில் ஒரு பெண் பார்த்து முடித்திருந்தார். ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பெண். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். பிட்டர் கையைக் கழுவிவிட்டு வந்து, போட்டோவை விரல் படாமல் ஓரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம், நல்ல தெளிவான முகம், இல்லையா என்று கேட்டார். கேட்லாக்கைத் தவிர வேறு எந்தத் தாளையும் அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

பெண்ணின் அப்பாவும் அத்தையும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அக்காவுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்ததால் வர முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டு மனிதனாக நான் நின்றேன். பொம்மைகளை ஒளித்து வைக்கலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். தேயிலைப் பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். மூடி போட்டால் மூச்சு முட்டும் என்று பிட்டர் சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வந்தார்கள். டீ குடித்தார்கள். பேச்செல்லாம் நன்றாகவே போனது. அத்தை கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டியபோது பெட்டி இடித்தது. குனிந்து பார்த்தார். சிவப்பு ரோபோ ஒன்றை வெளியே எடுத்தார். பிறகு நீலம். பிறகு கழுகு மூக்கு. மூன்றையும் கட்டிலில் வரிசையாக வைத்தார்.

“புள்ளைக்கு என்ன வயசாகுது தம்பி?” என்று அத்தை கேட்டார்.

நான் உள்ளே புகுந்து, அது என்னுடையது என்றேன். உங்களுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று அத்தை என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அத்தை என்னையும் பிட்டரையும் மாறி மாறிப் பார்த்த பார்வையில் எங்கள் இருவர் மானமும் ஒன்றாகப் போயிற்று. அக்காவுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு வாங்கியது என்று சொல்லியிருக்கலாம். அது அவர்கள் ஜீப் கிளம்பிப் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது.

பிட்டருக்கு அன்றைக்குப் பொய் வரவில்லை. “புள்ளையும் இல்ல குட்டியும் இல்லங்க. அது என்னோடது. நாந்தான் வச்சு வெளையாடுதேன்” என்றார்.

பெண்ணின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “புள்ள இருக்குன்னு சொல்லியிருந்தாக்கூட உக்காந்து பேசியிருப்பேன் தம்பி” என்றார். போகும்போது சிவப்பு ரோபோவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், சாட்சி வேண்டுமாம்.

அடுத்த வாரம் முழுக்க பிட்டர் சரியாகச் சாப்பிடவில்லை. போனது பெண்ணா பொம்மையா, எதற்காக இந்தத் துக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டையோடு என் வாசலில் நின்றார். பொருளைத் திருப்பிக் கேட்பதில் தப்பில்லையே என்றார். ஜீப்பில் போடிமெட்டு வளைவுகளில் இறங்கும்போது, என்ன பேச வேண்டும் என்று முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். பெண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

பெண்ணின் அப்பா எங்களைக் கண்டதும் வாசலிலேயே நிறுத்தினார். பிட்டர் விஷயத்தைச் சொன்னார். அவர் உள்ளே திரும்பி, அந்தப் பொம்மையை எடுத்து வரும்படி குரல் கொடுத்தார். பெண்ணே எடுத்துக்கொண்டு வந்தாள். ரோபோ பாதி காராகி, ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வணக்கம் இல்லை, வாங்க இல்லை.

“இந்தக் கை எங்கங்க போகும்? கொண்டாந்த நாள்லருந்து பாக்குறேன், அமையவே மாட்டேங்குது” என்றாள்.

நான் பயந்தேன். பொம்மையைக் கை கழுவாமல் தொட்டவர்களைப் பிட்டர் என்ன பாடு படுத்துவார் என்று எனக்குத் தெரியும். பிட்டர் அவளிடமிருந்து அதை வாங்கக்கூட இல்லை.

“தோளை மொதல்ல பின்னால தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். பயப்படாதீங்க, ஒடியாது” என்றார். ரோலர் மெஷினே அதட்டலில் ஓடும் என்று பெயர் எடுத்த குரல் அன்றைக்குக் குழைந்திருந்தது.

அவள் தள்ளினாள். டக்கென்று கை உள்ளே போனது. காரைத் தரையில் வைத்துச் சின்னதாக ஒரு தள்ளு தள்ளினாள். அது வாசல்வரை ஓடிவந்து அப்பாவின் காலில் முட்டி நின்றது. அவர் அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியாகப் பிட்டரைப் பார்த்தார்.

“அப்பா, அவங்கள உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க. காப்பி போடுறேன்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பெண்ணே காப்பி போடுகிறேன் என்றால் அவளுக்குச் சம்மதம் என்று அர்த்தம், அது அப்பாவுக்குத் தெரியும். பெருமூச்சு விட்டு, காரைக் கையில் எடுத்து, தூசியைத் துண்டால் துடைத்தார். “உள்ள வாங்க மாப்பிள்ளை” என்றார்.

திரும்பி வரும்போது பாதி மலை ஏறிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. எதை வாங்கப் போனோமோ அதை விட்டுவிட்டு வந்திருக்கிறோமே என்றேன். அது அங்கேயே இருக்கட்டும் என்று பிட்டர் சொல்லிவிட்டுப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தத் தை மாதம் கல்யாணம் நடந்தது. சிவப்பு ரோபோ அவளோடு சீர்வரிசையில் மலையேறி வந்தது. அதன் பிறகு எஸ்டேட்டை விட்டு நான் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேருக்குப் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் டக், டக்கென்று ஏதோ மடங்குவதையும், ஒரு ஆணும் பெண்ணும் ஒரு பொம்மைக் கைக்காகச் சண்டை போட்டுச் சிரிப்பதையும் கேட்டபடி தூங்கிப்போகிற சுகம் மட்டும் எந்த வீட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.