தேத்தண்ணி குடிக்காத நடுவர்

பிரிக்பீல்ட்ஸில் ரூல்ஸ் அங்கிளைப் போல நேர்மையானவர் யாரும் இல்லை. அவரைப் போலத் தொல்லை பிடித்தவரும் இல்லை.

எண்பதுகளில் எங்கள் ரயில்வே குடியிருப்பில் பலகை விளையாட்டுப் பிரியர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வீட்டிலேயே புது விளையாட்டு செய்து கொண்டுவருபவருக்கு ஆண்டுதோறும் ஒரு கோப்பை. நடுவர்களும் எங்கள் கூட்டத்து ஆட்கள்தான். ஆகவே கோப்பை பெரும்பாலும் யாராவது ஒரு நடுவரின் மச்சானுக்குப் போகும். ரூல்ஸ் அங்கிள் நடுவரானதும் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். தீர்ப்புக்கு முன் ஒவ்வொரு நடுவரும் எழுந்து, போட்டியாளரோடு தமக்குள்ள ஒட்டுறவைச் சொல்லியாக வேண்டும். முதலில் எழுந்தவரும் அவரே.

"போன தீபாவளிக்கு இவங்க வீட்டு முறுக்கு தின்னேன். இந்த ஆட்டத்துக்கு நான் மார்க் போட மாட்டேன்."

"ஒரு முறுக்குதானே லா!"

"ரெண்டு."

போட்டி நெருங்கினால், யாராவது எதையாவது தின்னக் கொடுத்துவிடுவார்களோ என்று, பாசாரில் எங்களைக் கண்டதும் மீன்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

ஓர் ஆண்டு என் பத்து வயது மகள் செல்வியை லோரி இடித்தது. கால் கட்டைப் பிரித்த பிறகும் அவள் வாசலைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடம் என்றாலே அழுகை. படுக்கையில் கிடந்தபோது ஓர் ஆட்டம் செய்திருந்தாள்: பஸ்ஸில் கிள்ளான் போய்ச் சேர வேண்டும், லோரிக் கட்டத்தில் விழுந்தால் வீட்டுக்கே திரும்ப வேண்டும். ரூல்ஸ் அங்கிள் தினமும் சாயங்காலம் வந்து அவளோடு ஆடினார். தேத்தண்ணி கொடுத்தால் தொடமாட்டார். தோற்றால் மட்டும் "இது அநியாயம்மா" என்று சண்டைக்கு நிற்பார்.

அந்த ஆட்டத்தைப் போட்டிக்குக் கொடுத்தோம். அவர் நடுவர் என்பதால்தான் செல்வி போட்டி நடந்த மண்டபத்துக்கு வந்தாள், என் இடுப்பைக் கட்டிக்கொண்டே. கோப்பை கிடைத்தால் பள்ளிக்குப் போவாள் என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

அங்கிள் எழுந்தார்.

"செல்வி ஆட்டத்துக்கு நான் மார்க் போட முடியாது. தேத்தண்ணி குடிக்கல. ஆனா இந்தப் பிள்ளய எனக்கு ரொம்பப் புடிக்கும். அடுத்த வருஷமும் புடிக்கும். அதனால நடுவர் வேலையே இனி எனக்கு வேணாம்."

கோப்பை வழக்கம்போல ஒரு மச்சானுக்குப் போனது. வெளியே வந்ததும் வெடித்தேன்.

"பிள்ள மனசு ஒடைஞ்சிடுமே அண்ணே!"

செல்வி என் கையை இழுத்தாள். "அம்மா, முறுக்குக்கு ஒரு ஆட்டத்ததான் விட்டாரு. எனக்காக வேலையவே விட்டுட்டாரு லா."

திங்கட்கிழமை காலையில் அவளே சீருடை போட்டுக்கொண்டாள். வாசலுக்கு வந்த அங்கிள் ரோட்டில் ஒரு கையை உயர்த்தி லோரிகளை நிறுத்தினார். மறு கையில் செல்வியின் கை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். லோரி ஹாரன் கேட்டால் நான் இன்றும் ஜன்னலுக்கு ஓடுவேன்.

அவளைப் பள்ளியில் விட்டுத் திரும்பியவர், முதல் முறையாக எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, தேத்தண்ணி இருக்கா?"