பெஞ்சமின் சேரிடம் தோற்கப் போன கதை

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் மூன்று தரம் எழும்பி வெளியே போய் வருகிற ஆள் நான். (தண்ணீர் குடிக்கத்தான் என்று சாமியாரிடமே பொய் சொல்லியிருக்கிறேன்.) இப்படிப்பட்டவளின் கையில் ஒரு கோலையும் நாலு பந்தையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் வீடு அக்காவின் கல்யாணத்தில்தான் கண்டுகொண்டது.

அப்போது உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்காரர் வராத மாதங்களில் வரவேற்க ஆளில்லை. ஆகவே கூடத்தில் கிடந்த பூல் மேசையில், கோலால் பந்துகளைக் குழிகளுக்குள் தள்ளி, நாள் முழுக்க விளையாடுவேன். குறி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பொறுமையில்லாமல் ஓங்கி அடிப்பதால், விழ வேண்டிய பந்து விழுகிறதோ இல்லையோ, நான் அடிக்கிற வெள்ளைப் பந்து போய்க் குழிக்குள் விழுந்துவிடும். பூலில் அது பிழை; முறை மற்றவருக்குப் போய்விடும். "உனக்கு அந்தக் குழிக்கு ஏதும் நேர்த்திக்கடனோ?" என்று முதலாளி கேட்பார்.

கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, நாங்கள் பேசி வைத்திருந்த மண்டபத்தின் கூரைத் தகடுகளைக் காற்று கழற்றிக்கொண்டு போனது. மாப்பிள்ளை வீட்டார் மூதூரிலிருந்து இரண்டு பஸ் நிறைய வரப்போகிறார்கள். எதற்கும் பதறாத அக்கா அன்று இடியப்பத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனாள். கருகியதை நான்தான் இறக்கி வைத்தேன். மிச்சம் இருந்தது ஓர்ஸ் ஹில்லில் ஒரு பழைய கிளப்பின் மண்டபம் மட்டும்தான். அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் கிளப் செயலாளர் பெஞ்சமின் சேரின் விருப்பம். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"அவரின்டை மனம் கோணாமல் கதைச்சுப்போட்டு வா," என்று அக்கா வாசல் படலை வரைக்கும் வந்து சொன்னாள்.

நான் போனபோது சேர் பில்லியர்ட்ஸ் அறையில் கோலுக்குச் சுண்ணம் பூசிக்கொண்டிருந்தார். புள்ளிப் பலகைக்குக் கீழே ஒரு கதிரையில் கிளப் ஊழியர் லோரன்ஸ் அண்ணன். மேசை எங்கள் விடுதி மேசையைப்போல இரண்டு மடங்கு. அதில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்றே மூன்று பந்துகள். (மிச்சத்தைத் தொலைத்துப்போட்டார்கள், பாவங்கள் என்று நினைத்தேன்.) வந்த காரியத்தையும் கல்யாண நாளையும் சேரிடம் சொன்னேன்.

"என்னோடை விளையாடுறவர் இண்டைக்கு வரேல்லை. உங்களுக்கு விளையாடத் தெரியுமோ பிள்ளை?"

"ஓம் சேர், நான் பூல் விளையாடுறனான். ரெண்டும் ஒண்டுதானே."

"ஒண்டுதானோ எண்டு பாப்பம். வெள்ளை உங்களுக்கு, மஞ்சள் எனக்கு. முப்பது புள்ளிக்கு விளையாடுவம்."

அந்த நிமிடமே முடிவெடுத்தேன். மண்டபம் கேட்டு வந்தவள் வெல்லக்கூடாது, தோற்க வேண்டும். அதுவும் அவருக்குத் தெரியாமல் தோற்க வேண்டும்.

சேர் தொடங்கினார். அவருடைய மஞ்சள் பந்து சிவப்பில் பட்டு நேரே குழிக்குள் போனது. வயது போனால் கை நடுங்கும்தானே என்று எனக்கு மனம் இளகிவிட்டது.

"பரவாயில்லை சேர். எனக்கும் இப்பிடி அடிக்கடி நடக்கிறதுதான்."

சேர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு, முறை எனக்கு வந்துவிட்டதையும் மறந்தவர்போல, இன்னொரு தரம் அதையே செய்தார்.

"கண்ணாடி மாத்திப் பாத்தனீங்களோ சேர்?"

லோரன்ஸ் அண்ணனுக்கு இருமல் வந்தது. மூன்றாவது அடி தவறியதும் என் முறை. தோற்பதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஓங்கி அடித்தேன். வெள்ளை சிவப்பில் பட்டுக் குழிக்குள் விழுந்தது. ஒதுங்கி நின்றேன்.

"அடியுங்கோ பிள்ளை," என்றார் சேர்.

விருந்தாளிக்கு இன்னொரு சந்தர்ப்பம் தருகிறார், எவ்வளவு பெரிய மனம் என்று உருகிப்போனேன். மறுபடியும் விழுத்தினேன். அதற்கும் "அடியுங்கோ" என்றார். லோரன்ஸ் அண்ணன் பலகையில் முள்ளை நகர்த்திக்கொண்டே இருந்தார். என் பிழைகளைத்தான் எண்ணுகிறார் என்று எனக்கு நல்ல திருப்தி. இடையில் இரண்டு தரம் எனக்குத் தவறியது. சேர் வந்து தன் மஞ்சளை விழுத்தினார், நான் ஆறுதல் சொன்னேன். அவர் முகம் வரவரச் சிவந்தது. இரண்டு பஸ்ஸும் கருகிய இடியப்பமும் மாறி மாறி நினைவில் வர, மேசையைச் சுற்றி ஓடி ஓடித் தோற்றுக்கொண்டிருந்தேன்.

பத்தாவது தரமும் என் வெள்ளை விழுந்தது. சேர் கோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நான் கையை நீட்டினேன்.

"வாழ்த்துக்கள் சேர். நல்லா விளையாடினீங்கள்."

அவர் என் கையைப் பார்த்தார், அதைத் தொடாமல் தன் அறைக்குள் போய்விட்டார்.

"தங்கச்சி," என்றார் லோரன்ஸ் அண்ணன். "இந்த விளையாட்டிலை நாங்கள் அடிச்ச பந்து சிவப்பிலை பட்டுக் குழிக்குள்ளை விழுந்தால் பிழை இல்லை. மூண்டு புள்ளி. திரும்பவும் அடிக்கலாம். வெண்டது நீங்கள்."

புத்தியுள்ளவள் அப்படியே வீட்டுக்குப் போயிருப்பாள். நான் சேரின் அறைக்கு ஓடினேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். நான் வெல்ல விளையாடேல்லை. உங்களிட்டைத் தோக்கத்தான் பாத்தனான்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"அண்டைக்கு மண்டபம் தர ஏலாது," என்றார் சேர், மிகவும் மெதுவாக.

அக்கா முழுவதையும் கேட்டாள். திட்டவில்லை. "உங்கடை விடுதியிலை கூடம் இருக்குத்தானே," என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குசினிக்குள் போய் அழுதேன்.

முதலாளி கூடத்தைத் தந்தார். பூல் மேசையை எட்டுப் பேர் சேர்ந்தும் அசைக்க ஏலவில்லை. அதனால் அதன்மேல் வெள்ளைத் துணி விரித்துக் கேக்கை வைத்தோம். பெஞ்சமின் சேருக்கும் அக்கா கார்ட் அனுப்பியிருந்தாள். வரமாட்டார் என்று நம்பியிருந்தேன். வந்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அக்கா கேக்கை வெட்டினாள். அவளுக்கு ஊட்டப் போன அத்தானின் கையிலிருந்து துண்டு நழுவி, மேசையில் உருண்டு, மூலைக்குப் போய், துணியோடு சேர்த்துக் குழிக்குள் இறங்கியது. இரண்டு பஸ் சனமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"மூண்டு," என்றார் சேர், பின் வரிசையிலிருந்து.

அக்காதான் முதலில் சிரித்தாள். மூதூர்க்காரர் விளங்காமலே சேர்ந்து சிரித்தார்கள். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். சேர் தானாகவே கையை நீட்டினார்.

பூல் பழகினால் பில்லியர்ட்ஸ் வருமா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். திறமை வருமோ தெரியாது, உள்ள குறை ஒன்றும் குறையாமல் வந்து சேரும். எங்கள் வீட்டில் பால் பொங்கி ஊற்றினாலும் யாராவது "மூண்டு" என்பார்கள். போன மாதம் கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வை நாசமாக்கிவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். கந்தளாய் தாண்டும்போது பதில் வந்தது. ஒரே ஒரு இலக்கம். அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பயணத்தில் முதல் தடவையாக ஒழுங்காகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.